பாதி பழைய பாட்டு

"அது பாதி பழைய சரக்கு, தம்பி. தூசு தட்டிப் புதுக் கவர் போட்டு வித்துட்டாரு." 2011 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அண்ணாச்சி இதைச் சொன்னார். இரட்டைக் கோபுரத் தாக்குதலின் பத்தாம் ஆண்டு நினைவு நாள். காலையிலிருந்து எல்லாத் தொலைக்காட்சிகளிலும் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பேச்சைத் தொடங்கினேன். அந்தத் தாக்குதலின் துக்கத்தைப் பாடும், அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'தி ரைசிங்' ஆல்பத்தைப் பற்றி, அது எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றி, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே பேசிவிட்டேன். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் அந்த ஒரு வரியைச் சொன்னார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். அண்ணாச்சியிடம் முடியாது. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், எனக்குப் பத்து வயது மூத்தவர். 2001-இல் அவருக்கு மன்ஹாட்டனின் தென்கோடியில் வேலை. அன்று காலை சாம்பல் படிந்த சட்டையோடு படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்து ஜெர்சி கரைக்கு வந்தவர். அதைப் பற்றி அவராக ஒருநாளும் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும் பேசினார். ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களைப் பற்றி. "காலையில காரை விட்டுட்டு ரயில் ஏறிப் போனவன் திரும்பி வரல. கார் மட்டும் அப்படியே நின்னுச்சு தம்பி, ரெண்டு வாரம், மூணு வாரம். கண்ணாடி மேல தூசி ஏறிப்போய். நான் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். எந்திரி, எந்திரின்னு பாட்டுப் பாடுறதுக்கு அவருக்கு என்ன தெரியும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடம் அந்தக் கேள்வி எனக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

முதலில், இந்த ஆல்பம் எனக்குக் கிடைத்த கதை. நான் அமெரிக்கா வந்தது 2005-இல். இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காது. ராக் என்றால் கத்தல் என்று நினைத்திருந்தவன். ஜெர்னல் ஸ்கொயரில் வாடகை வீடு, மன்ஹாட்டனில் வேலை. தினமும் நியூ ஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் பாத் (PATH) ரயில். அந்தத் தடத்தில் அப்போது பயணித்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் நிலையம் தாண்டியதும் ரயில் ஆற்றுக்கு அடியில் இறங்கும். சில நிமிடம் இருட்டு. அப்புறம் சட்டென்று வெளிச்சம். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தும் தரைக்கு மேலே வந்திருக்க மாட்டோம். இரட்டைக் கோபுரங்கள் நின்ற அந்தப் பெரிய குழிக்குள் ரயில் வந்திருக்கும். சுற்றிலும் கான்கிரீட் சுவர், தலைக்கு மேல் வானம். 2003 நவம்பரில் அங்கே தற்காலிக நிலையம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். பெட்டியில் இருந்தவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள், முகத்தில் பவுடர் போடுவார்கள், தூங்குவார்கள். ரயில் குழிக்குள் வரும் அந்தச் சில வினாடி மட்டும் பேச்சு அடங்கும். நான் புதியவன் என்பதால் அது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

அலுவலகத்தில் ஒருவர், நான் அந்த ரயிலில் வருகிறேன் என்று தெரிந்ததும், மறுநாள் ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "வரிசையாகக் கேள்" என்று மட்டும் சொன்னார். பதினைந்து பாட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல். ஒரு வாரப் பயணத்தில் கேட்டு முடித்தேன். முடித்த அன்று எந்த நிலையத்தில் இறங்கினேன் என்பதுகூட நினைவில்லை.

கடைகள் மூடிய ஊர்

அண்ணாச்சி சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாட்டாகத் தேடிப் பார்த்தேன். 2002 ஜூலை 30 அன்று வெளியான இந்த ஆல்பத்தில் செப்டம்பர் 11-க்கு முன்பே எழுதப்பட்டவை பல. 'நத்திங் மேன்' 1990-களில் எழுதியது. 'ஃபர்தர் ஆன்' பாட்டை 2000-ஆம் ஆண்டிலேயே மேடையில் பாடியிருக்கிறார். கூட்டமே கைதட்டிச் சேர்ந்து பாடும் 'வெய்ட்டிங் ஆன் எ சன்னி டே' அதற்கும் முந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்பத்தை முடித்துவைக்கும் 'மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்'. இடிந்த என் ஊர். தலைப்பைக் கேட்டால் நியூ யார்க் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த ஊர் நியூ ஜெர்சிக் கடற்கரையில் இருக்கும் ஆஸ்பரி பார்க்.

ஸ்பிரிங்ஸ்டீன் இளைஞனாக வாசித்துத் திரிந்த ஊர் அது. 1973-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே அந்த ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்கிய இடம். மர நடைபாதை, ராட்டினம், நடன மண்டபம் எல்லாம் இருந்தன. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த ஊர், 1970 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. கடைகள் பலகை அடித்து மூடப்பட்டன. பாதி கட்டி நிறுத்திய கட்டடம் கம்பியோடு துருப்பிடித்து நின்றது. அந்த ஊருக்காக எழுதி, 2000 டிசம்பரில் அங்கேயே கன்வென்ஷன் ஹாலில் நடந்த கிறிஸ்துமஸ் நிதி நிகழ்ச்சியில் பாடிய பாட்டு இது. வெறிச்சோடிய தெரு, திறந்து கிடக்கும் தேவாலயக் கதவு, உள்ளே ஆர்கன் ஓசை, ஆனால் கூட்டம் இல்லை. கடைசியில், இந்தக் கைகளோடு, இந்தக் கைகளோடு என்று திரும்பத் திரும்ப ஒரு வேண்டுதல். அதற்கு மேலே, எழுந்திரு, எழுந்திரு என்ற அழைப்பு.

ஒன்பது மாதம் கழித்துக் கோபுரங்கள் விழுந்தன. ஸ்பிரிங்ஸ்டீன் வசித்த மான்மத் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். தினமும் ரயிலிலும் படகிலும் மன்ஹாட்டனுக்குப் போய்வந்தவர்கள் நிறைந்த பகுதி. சில நாள் கழித்துக் கடற்கரையில் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, எதிரே போன ஒருவர் கண்ணாடியை இறக்கி, "நீங்கள் எங்களுக்கு வேண்டும்" என்று கத்திவிட்டுப் போனாராம். இந்தச் சம்பவத்தை ஸ்பிரிங்ஸ்டீனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 21 அன்று பெரிய தொலைக்காட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒளிபரப்பிய நிதி நிகழ்ச்சியில் முதலில் பாடியவர் அவர்தான். மெழுகுவத்தி வெளிச்சம், கையில் கிடார், கழுத்தில் மவுத் ஆர்கன். அன்றைக்காகப் புதிதாக ஒரு பாட்டு எழுதத் தொடங்கியிருந்தார். அது முடியவில்லை. ஆகவே கையில் இருந்த ஆஸ்பரி பார்க் பாட்டைப் பாடினார். நாடு முழுக்க அதை நியூ யார்க்குக்கான பாட்டாகக் கேட்டது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபோது அண்ணாச்சி பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. ஒரு ஊரின் கடைகள் மூடியதும், 2,977 பேர் ஒரே காலையில் கொல்லப்பட்டதும் ஒன்றா? அந்தத் துக்கத்துக்கென்று எழுதாத ஒரு வரியை அந்தத் துக்கத்தின் வாயில் வைக்கலாமா? நான் பாத் ரயிலில் உட்கார்ந்து கண்கலங்கிக் கேட்ட பாட்டு யாருடையது என்றுகூடத் தெரியாமல் கலங்கியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

புதியவை

அப்படியானால் புதிதாக எழுதிய பாட்டுகள் எப்படி இருக்கின்றன என்று அவற்றை மட்டும் தனியாக எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். கோபுரம் என்ற சொல் எங்கும் இல்லை. விமானம் இல்லை. எதிரியின் பெயர் இல்லை. ஆல்பம் வந்த அதே கோடையில் கன்ட்ரி இசைத் தரவரிசையின் உச்சியில் இருந்தது, எதிரியை உதைத்துத் தள்ளுவோம் என்று சூளுரைத்த ஒரு பாட்டு. அந்தக் கோபம் புரியாதது இல்லை. இந்த ஆல்பத்திலும் 'எம்ப்டி ஸ்கை' பாட்டில் வருகிறவர் கண்ணுக்குக் கண் வேண்டும் என்று கேட்கிறார். ஆனால் அவர் அதைக் கேட்பது இறந்துபோன தன் துணையிடம் ஒரு முத்தம் கேட்கும் அதே மூச்சில். படுக்கையில் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே வானம் காலியாக இருக்கிறது. பழிவாங்கும் ஆசை இந்த ஆல்பத்தில் ஒரு தனி மனிதனின் நோவாக நிற்கிறது. படையெடுக்கச் சொல்லும் முழக்கமாக அது ஆவதில்லை. முதல் பாட்டிலேயே, சுடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டுக்கொள் என்ற பொருளில் ஒரு வரி வந்துவிடுகிறது. 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியதை நினைத்துக்கொண்டு அந்த வரியைக் கேட்டால் வயிறு கலங்குகிறது.

'இன்டு த ஃபயர்' தீயணைப்பு வீரரின் மனைவி பாடுவது. அன்று நியூ யார்க் தீயணைப்புத் துறையில் மட்டும் 343 பேர் இறந்தார்கள். எல்லோரும் கீழே இறங்கி ஓடிவந்த படிக்கட்டில் மேலே ஏறியவர்கள். அந்தப் பாட்டின் பல்லவியில் விளக்கமே இல்லை. உன் பலம் எங்களுக்குப் பலம் தரட்டும், உன் நம்பிக்கை எங்களுக்கு நம்பிக்கை தரட்டும் என்ற பாணியில் ஜெபமாலை உருட்டுவதுபோல வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தேவாலயத்தில் கூட்டுப் பிரார்த்தனை கேட்டவர்களுக்கு அந்த நடை தெரியும். ஸ்பிரிங்ஸ்டீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்.

'வேர்ல்ட்ஸ் அபார்ட்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் ஆசிஃப் அலி கானும் அவருடைய குழுவினரும் அதில் பாடியிருக்கிறார்கள். ஓர் அமெரிக்க ஆணுக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கும் இடையிலான காதல். எந்த நேரத்தில் இது வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தாக்குதல் நடந்து நான்காம் நாள் அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் நடத்திய ஒரு சீக்கியர், தலைப்பாகையும் தாடியும் வைத்திருந்த ஒரே காரணத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அண்ணாச்சியே அந்த மாதங்களில் ரயிலில் யாரோடும் போனில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில், அந்த வருடத்தில், அந்தத் துக்கத்துக்கான ஆல்பத்தின் நடுவில், கிடார் உறுமும் இடத்தில் கவ்வாலிக் குரல்களைக் கொண்டுவந்து வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். இசையாக அந்தப் பாட்டு முழுமையாகக் கூடிவந்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கின்றன. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அதையடுத்து வரும் 'லெட்ஸ் பி ஃப்ரெண்ட்ஸ்' தான் குறை. அதை நான் இன்றுவரை தாண்டித்தான் போகிறேன்.

'பாரடைஸ்' என்று ஒரு பாட்டு. கடைசிக்கு முந்தியது, ஏறக்குறைய முணுமுணுப்பு. அதன் முதல் பகுதியில் பேசுவது வெடிகுண்டோடு சாகக் கிளம்பும் ஒருவரின் குரல். அடுத்து வர்ஜீனியாவில் துணையை இழந்தவரின் குரல். அன்று தாக்கப்பட்ட ராணுவத் தலைமையகமான பென்டகன் இருப்பது அங்கேதான். கடைசியில் ஒருவர் செத்துப்போனவரைத் தேடி ஆற்றுக்கு அடியில் போகிறார். அங்கே கண்ட கண்களில் அமைதி இல்லை. வெறுமைதான் இருக்கிறது. அவர் மேலே நீந்தி வந்து முகத்தில் வெயில் பட நிற்கிறார். சொர்க்கம் கிடைக்கும் என்று யாருக்கும் இந்த ஆல்பம் வாக்குக் கொடுப்பதில்லை. வெயில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தலைப்புப் பாட்டுக்கு வருகிறேன். 'ரைசிங்' என்ற சொல்லைத் தமிழில் கொண்டுவரப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். எழுச்சி என்றால் மாநாட்டுப் பந்தல் வாசனை வந்துவிடுகிறது. உயிர்த்தெழுதல் என்றால் ஈஸ்டர் ஞாயிறு மட்டும் நிற்கிறது. ஏறுதல் என்றால் படிக்கட்டு மட்டும். பாட்டில் மூன்றும் இருக்கின்றன. புகை இருட்டில் முன்னால் ஒன்றும் தெரியாமல், முதுகில் அறுபது பவுண்டு பாரத்தோடு, தோளில் தண்ணீர்க் குழாயோடு ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார். எங்கே ஏறுகிறார் என்று நமக்குத் தெரியும். அவர் திரும்பி வரமாட்டார் என்பதும் தெரியும். நடுவில் பாட்டு தாழ்ந்து, வானம், வானம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. இருளின் வானம், கண்ணீரின் வானம், கருணையின் வானம், நிறைவின் வானம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூட்டுக் குரல், வாழ்வின் கனவு என்று எதிரொலிக்கிறது. சாகப்போகிற ஒருவர் கண்ட கடைசிக் காட்சி அது. அதற்குப் பிறகுதான் லா லா என்று ஊரே பாடும் அந்தப் பல்லவி மறுபடி எழுகிறது. முதன்முறை கேட்டபோது இது கொண்டாட்டப் பாட்டு என்றே நினைத்தேன். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்புக்கு இரண்டு நாள் முன்பு லிங்கன் நினைவிடத்தின் படிகளில் இதைப் பாடியபோதும் பலர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதி அண்ணாச்சிக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் தயாரித்தேன். அனுப்பவில்லை. புதிய பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, சரி. பழைய பாட்டுகளை ஏன் சேர்த்தார் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. அதிலும் ஆல்பத்தின் கடைசிச் சொல், அந்த 'எழுந்திரு', பழைய பாட்டில் இருக்கிறது.

2012 அக்டோபர் கடைசியில் சாண்டி புயல் எங்கள் கரையைத் தாக்கியது. ஜெர்சி சிட்டியில் எங்களுக்குப் பல நாள் மின்சாரம் இல்லை. ஆஸ்பரி பார்க்கின் நடைபாதைப் பலகைகள் பெயர்ந்து கிடந்தன. டிசம்பர் 12 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிவாரண நிகழ்ச்சி. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிங்ஸ்டீன் மேடைக்கு வந்து மறுபடியும் 'மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்' பாடினார். இதே பாட்டை 2006 ஏப்ரலில், கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலும் பாடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு எரிச்சலாக வந்தது. எந்த ஊர் விழுந்தாலும் இதே பாட்டா?

அத்தை சொன்னது

2014-இல் அப்பா இறந்தார். நெவார்க்கில் விமானம் ஏறி, மும்பையில் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் தென்காசிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை நாள் ஆகிவிட்டது. எனக்காகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். என் அத்தைதான் முதல் குரல். அப்பாவின் அக்கா, எழுபத்தெட்டு வயது. குரல் உடைந்து போயிருந்தாலும் ராகம் உடையவில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதில் விழுந்த வரி எனக்குத் தெரிந்த வரி. பதினைந்து வருடம் முன்னால் மாமா இறந்தபோது இதே அத்தை இதே வரியைப் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். உறவுமுறைச் சொல் மட்டும் மாறியிருந்தது. அன்று கணவனை அழைத்த இடத்தில் இன்று தம்பியை அழைத்தாள். மற்றபடி அதே பொன், அதே பந்தல், அதே வாடிய கொடி. சுற்றியிருந்த பெண்கள் அடுத்த வரியைத் தானாக எடுத்துக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடம்.

பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, திண்ணையில் அத்தையோடு உட்கார்ந்திருந்தேன். கேட்கலாமா கூடாதா என்று தயங்கித்தான் கேட்டேன். "அத்தே, மாமாவுக்குப் பாடுனதும் இதே பாட்டுத்தானே?"

அத்தைக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆமா. எங்க ஆத்தா அவ அண்ணனுக்குப் பாடுனதும் இதுதான். புதுசா எங்கன போயி பாட்டுக் கட்ட, ஐயா? இருக்கத வச்சுத்தான அழணும்."

அதற்கு மேல் அத்தை ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடம் மாறியது. அப்பாவுக்கென்று புதிய பாட்டு இல்லையே என்று அந்தப் பதினாறு நாளில் ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. மாறாக, அது தெரிந்த பாட்டாக இருந்ததால்தான், ஒன்றரை நாள் விமானத்தில் கல்லாகக் கிடந்த என் நெஞ்சு வாசலிலேயே உடைந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து பாட முடிந்ததும் அதனால்தான். புதிய பாட்டாக இருந்திருந்தால் அத்தை தனியாகப் பாடியிருப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

இரவு மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அந்த ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேட்டேன். இந்த முறை எனக்கு வேறு ஒன்று பிடிபட்டது. இறந்தவர்களைப் பற்றி செப்டம்பர் 11-க்குப் பிறகு எழுதிய பாட்டுகளை மட்டும் சேர்த்து ஓர் ஆல்பம் போட்டிருந்தால் அதில் தப்பிப்பதற்கு வழியே இருந்திருக்காது. படிக்கட்டு, புகை, காலிப் படுக்கை, காலி வானம். அந்தத் துக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு யாராலும் உடனே நம்பிக்கையை உண்டாக்க முடியாது. அப்படி உண்டாக்கினால் அது பொய்யாக ஒலிக்கும். ஸ்பிரிங்ஸ்டீனாலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் அவர் ஏற்கெனவே இருந்ததை எடுத்துவந்தார். கடைகள் மூடிய ஓர் ஊரில், யாரும் கவனிக்காத ஒரு சின்ன வீழ்ச்சிக்காக, 2000 டிசம்பரில் பாடிய 'எழுந்திரு' என்ற சொல்லை. அந்தச் சொல் தலைப்புப் பாட்டுக்குள் போய்ப் படிக்கட்டு ஏறுகிறது. சாகப்போகிறவரின் ஏற்றமாக மாறுகிறது. அப்புறம் கடைசிப் பாட்டில் தரைக்குத் திரும்பி வந்து, முழங்காலில் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்து மறுபடி அதையே சொல்கிறது. பதின்மூன்றாம் பாட்டைக் கேட்ட பிறகு பதினைந்தாம் பாட்டில் அந்தச் சொல் வரும்போது அது பழைய சொல்லாக இல்லை. எழுதியவருக்குத் தெரியாத எடை அதில் ஏறிவிட்டது.

சாண்டி நிகழ்ச்சி அப்போதுதான் எனக்கு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. நியூ யார்க்குக்குப் போய், நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் பாட்டு தான் பிறந்த கரைக்கே திரும்பி வந்திருந்தது. நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதே 2012-இல் தன் இசைச் சுற்றுப்பயணத்தில் இந்தப் பாட்டின் நடுவில் நிறுத்தி, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அழைப்பதை வழக்கமாக வைத்திருந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். ஆர்கன் வாசித்த டேனி ஃபெடரிசி 2008-இல் இறந்திருந்தார். சாக்ஸபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011-இல். எல்லோர் பெயரும் சொல்லி முடித்துவிட்டு, யாரையாவது விட்டுவிட்டோமா என்று கூட்டத்தைக் கேட்பார். அந்த இரண்டு பெயர்களையும் கூட்டம் நினைத்துக்கொள்ளும். ஊருக்கு எழுதிய பாட்டு, நகரத்துக்குப் போய், கடைசியில் இரண்டு நண்பர்களின் சாவு வீட்டில் வந்து நின்றிருந்தது. உறவுமுறைச் சொல் மட்டும் மாறியிருந்தது.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு அண்ணாச்சி துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் அவரே, "சும்மா வெளிய போயிட்டு வரலாம், வா தம்பி" என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். லிபர்ட்டி ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். ஆற்றங்கரையில், கோபுரங்கள் இருந்த திசையைப் பார்த்தபடி இரண்டு நீண்ட எஃகுச் சுவர்கள். ஒவ்வொன்றும் 210 அடி நீளம், கோபுரத்தின் ஒரு பக்க அளவு. நியூ ஜெர்சியைச் சேர்ந்த இறந்தவர்களின் பெயர்கள் உள்பக்கம் பொறிக்கப்பட்டிருக்கின்றன, எழுநூற்றுக்கும் மேலே. அந்த நினைவுச்சின்னத்தின் பெயரும் 'எம்ப்டி ஸ்கை'தான். அண்ணாச்சி ஒரு பெயர் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது காரில் அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு பாட்டு மட்டும் போடட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். தலையசைத்தார். பன்னிரண்டாம் பாட்டைப் போட்டேன். 'யூ'ர் மிஸ்ஸிங்'. சமையல் மேடையில் வைத்திருக்கும் காபிக் கோப்பைகள், நாற்காலியில் மாட்டிய ஜாக்கெட், வாசலில் கிடக்கும் செய்தித்தாள். எல்லாம் இருக்கின்றன, நீ இல்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், படுக்கை காத்திருக்கிறது, நீ இல்லை. குரல் முடிந்த பிறகும் பாட்டு முடிவதில்லை. ஃபெடரிசியின் ஆர்கன் மட்டும் யாருமில்லாத வீட்டில் விளக்கு எரிவதுபோல நீண்டுகொண்டே போகும்.

அண்ணாச்சி காரை ஓரங்கட்டி நிறுத்தியிருந்தார். ஆர்கன் ஓயும்வரை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது பழசா, புதுசா?" என்றார்.

"புதுசு அண்ணாச்சி. அதுக்கப்புறம் எழுதினது."

"கார் மாதிரியே இருக்கு" என்றார். அடுத்த பாட்டின் முதல் வரி தொடங்கியதும் கையை நீட்டி அணைத்துவிட்டார். "இது இன்னொரு நாள் கேட்போம், தம்பி." ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் டீ குடித்தோம். அப்பாவைப் பற்றி நிறையக் கேட்டார்.